இடப்பக்கமா ஒரு சுத்து

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா எங்க வீட்ல யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. அம்மாவுக்கு அது தெரியும். தெரிஞ்சும் கூப்பிடுவாங்க. மோர் வேணுமா, சிலிண்டருக்குச் சொன்னியா, மாடியில துணி கருகுதே எடுக்கலையான்னு ஏதாவது ஒண்ணு இருக்கும். நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டு, கன்ட்ரோலரைக் கையில பிடிச்சுக்கிட்டு, ஜன்னல் திரையை இழுத்து விட்டு உட்கார்ந்திருப்பேன். கே.கே. நகர் வெயில் அந்த நீலத் திரையில வடிகட்டி உள்ள வரும். ரூம் முழுக்கத் தண்ணிக்கு அடியில இருக்கிற மாதிரி ஆயிடும்.

இந்த வயசுல வீடியோ கேம் ஆடுற பொம்பளையான்னு சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க. காலையிலேருந்து நான் பொம்பளைங்களுக்கு ஸ்கூட்டரும் காரும் ஓட்டக் கத்துக் குடுக்கிறேன். பிரேக்குன்னு கத்தினா ஆக்சிலேட்டரை முறுக்குறவங்களோட அரை நாள் இருந்து பாருங்க, உங்களுக்கும் ரெண்டு கையில ரெண்டு கத்தி எடுத்து யாரையாவது வெட்டணும்னு தோணும். எனக்கு அதுக்கு ஒரு இடம் கிடைச்சுது, அவ்வளவுதான்.

அந்த கேம்ல நாலு பேர் சேர்ந்து போய் ஒரு பெரிய பூதத்தைச் சாய்க்கணும். ரெய்டுன்னு சொல்வாங்க. ஒத்தையாப் போனா ஒரே மிதியில சட்னி. கேடயம் பிடிக்கிறது அப்துல் சுக்கூர், பாலக்கரையில செருப்புக்கடை வச்சிருக்கான். பூதத்தோட கோவத்தையெல்லாம் தன் மேல இழுத்துக்கிட்டு நிக்கிறது அவன் வேலை. அடிபட்டவங்களுக்கு உயிர் ஏத்துறது டோரதி, பொன்மலையில டியூஷன் டீச்சர். தூரத்துல நின்னு அம்பு விடறது வளவன், என் தம்பி, மஸ்கட்ல வேலை, வெள்ளிக்கிழமைதான் லீவு. மத்த ரெண்டு பேரும் அவனோட பாலிடெக்னிக்ல படிச்சவங்க, அதனால எல்லாருக்கும் நான் இளவேனில் அக்கா. எனக்கு இரட்டைக்கத்தி. பூதத்தோட காலடியிலேயே நின்னு வெட்டணும்.

ஆரம்பத்துல வளவன் என்கிட்ட கெஞ்சினான். புதுசா வர்றவங்க வில்லு எடுக்கிறதுதான் நல்லது, கிட்டப் போற ஆட்டம் ரொம்பக் கஷ்டம், கத்துக்கிறதுக்குள்ள வெறுத்துப் போயிடும்னான். தூரத்துல நிக்கிறதுக்கு நீ இருக்கியேடா, அது போதும்னேன். அதுல குத்தல் இருந்துச்சு. அவனுக்கும் புரிஞ்சுது, அப்புறம் வில்லுப் பேச்சே எடுக்கல. எனக்கு எதையும் கிட்டப் போய்த்தான் செய்யத் தெரியும், சண்டையும் சேர்த்துத்தான்.

முதல் ரெண்டு மாசம் நான் நின்னதை விடத் தரையில கிடந்ததுதான் ஜாஸ்தி. வில்லுக்காரனுக்குப் பூதம் முழுசாத் தெரியும். கத்திக்காரிக்குத் தெரியறது குதிகால் மட்டும்தான். மேல என்ன நடக்குது, கையை ஓங்குதா, வாயைத் திறக்குதான்னு ஒண்ணும் தெரியாது. எங்களுக்குன்னே ஒரு வியாதி வேற உண்டு, பேராசை. இன்னும் ஒரே ஒரு வெட்டுன்னு நிப்போம், அந்த ஒரு வெட்டுலதான் வால் வந்து அடிக்கும். டோரதி என்னை எழுப்பி எழுப்பியே அலுத்துட்டா. எங்க எட்டாம் கிளாஸ் பசங்க உங்களை விடச் சொன்ன பேச்சு கேட்பாங்க அக்கான்னா.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் பிடிபட்டுச்சு. கண்ணால பார்த்துத் தெரிஞ்சுக்கிறதை விட்டுட்டேன். குதிகால் ஒரு இம்மி தூக்கினா திரும்பப் போகுது. மணல் அரைபடற சத்தம் நின்னா குதிக்கப் போகுது. ரெண்டு வெட்டு, ஒரு மூச்சு, இன்னும் ரெண்டு வெட்டு, ஆசை இருக்கும்போதே விலகிடு. அந்தத் தாளம் கையில ஏறினதுக்கு அப்புறம் ஃபேன் சத்தம் காதுல விழாது, உட்கார்ந்திருக்கிற நாற்காலி மறந்து போயிடும். ஒரு பெரிய ஜீவனோட நிழலுக்குள்ள அது கூடவே நடந்து, அது கூடவே திரும்பி, அது மூச்சு விடற இடைவெளியில நான் மூச்சு விட்டுக்கிட்டு இருப்பேன். அந்த நேரத்துல எனக்கு யார் மேலயும் கோவம் இருக்காது.

கடைசியா நாங்க மாட்டிக்கிட்டது மலைக்காரன்கிட்ட. அதுக்கு இங்கிலீஷ்ல வாயில நுழையாத ஒரு பேர் இருக்கு, நாங்க வச்ச பேர் இது. ஆத்துக்கு நடுவுல ஒரு மணல்திட்டு, அதுமேல முதுகுல பாறையைச் சுமந்துக்கிட்டு நிக்கும். சுத்தியும் வெள்ளைப் பனி. பனிக்கு அந்தப் பக்கம் ஒரு கோபுரம் மசமசன்னு தெரியும். பஸ் காவேரிப் பாலத்துல ஏறினதும் ஸ்ரீரங்கம் கோபுரம் தெரியுமே, அது மாதிரி. இந்த கேமைச் செஞ்சவன் எந்த தேசத்துக்காரனோ, எனக்கு அது ஸ்ரீரங்கம்தான். சண்டை தொடங்குறதுக்கு முன்னால நான் எப்பவும் தண்ணி ஓரமாப் போய்க் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கிட்டு நிப்பேன். சுக்கூர், அக்கா சாமி கும்பிட்டாச்சா, வரலாமான்னு கேட்பான்.

மலைக்காரனுக்குப் பாதி உயிர் போனதும் கையில இருக்கிற தடியை மணல்ல ஊனுவான். அந்தத் தடியிலேருந்து ஒரு நெருப்புச் சுவர் கிளம்பி, திட்டு முழுக்க, அவனை இடமாச் சுத்திக்கிட்டு வரும். நாமளும் அவனை இடக்கைப் பக்கம் வச்சுக்கிட்டு, சுவருக்கு முன்னால அது போற திசையிலேயே ஓடணும். எதிர்த் திசையில ஓடினா நேரா நெருப்பு வாயில போய் விழணும். சுத்து முடிஞ்சதும் அவன் நெத்திக்கண் திறக்கும், அப்போ எல்லாரும் முதுகைக் காட்டி நிக்கணும். பார்த்தவங்க கல்லாயிடுவாங்க. இதுல புரியாததுக்கு ஒண்ணுமே இல்ல. எனக்கும் நல்லாப் புரிஞ்சுது. ஆனா ஒவ்வொரு தடவையும் தடி மணல்ல இறங்கினதும் என் கட்டைவிரல் வலப்பக்கமாத்தான் போச்சு.

பழக்கதோஷம்னு சிரிச்சோம். பிள்ளையாரை வலமாச் சுத்துறோம், அரசமரத்தை வலமாச் சுத்துறோம், நவக்கிரகத்துல கூட்டத்தோட கூட்டமா இடிச்சுக்கிட்டு வலமாச் சுத்துறோம். பொறந்ததுலேருந்து அப்படியே வளர்ந்த உடம்பு வேற எப்படி ஓடும்? சுக்கூர் முதல் தடவையே சரியா ஓடினான். அவன் போன வருஷம் அவங்க உம்மாவைக் கூட்டிக்கிட்டு உம்ரா போயிட்டு வந்தவன். மக்காவுல காபாவை இடக்கைப் பக்கம் வச்சுத்தான் சுத்துவோம் அக்கா, எனக்கு இதுதான் நேர்வழின்னான். டோரதிக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான், எங்க தேர் தெரு எப்படித் திரும்புதோ அப்படிப் போகும்னா. வளவனும் முதல் நாளே சரியா ஓடினான். வீடியோ ஏதாவது பார்த்து வச்சிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன். பரீட்சைக்கும் அப்படித்தான், சத்தமில்லாமப் படிச்சுட்டு வருவான்.

எனக்குத்தான் மானம் போச்சு. லைசென்ஸ் டெஸ்டுக்கு எட்டுப் போடச் சொல்லிக் குடுக்கிறவ நான். எட்டுல பாதி வலது, பாதி இடது. ஊரையே இடப்பக்கம் திருப்பி விடறவளுக்குத் தன் கட்டைவிரலைத் திருப்ப முடியல. ஆனா உண்மையைச் சொல்றேன், பழக்கதோஷம்ங்கிறது பாதிதான். நான் ஒரே ஒரு தடவை இடமாச் சுத்தியிருக்கேன். தடி மணல்ல இறங்கினதும் என் இடது தோள் சில்லுன்னு ஆயிடும். அந்தச் சில்லுக்கு பயந்துதான் நான் வலது பக்கம் ஓடினேன்.

எங்கப்பா பிச்சமுத்து போன வருஷம் சித்திரையில போயிட்டார். திருவெள்ளறையில எங்க வயலுக்குத் தண்ணி பாய்ச்சிட்டு வந்து உட்கார்ந்தவர் எந்திரிக்கல. வளவனோட பாஸ்போர்ட் விசா மாத்துறதுக்காக எங்கேயோ மாட்டிக்கிட்டு இருந்துச்சு, அவனால வர முடியல. வெயில் காலம், வச்சிருக்க முடியாது. பெரியப்பா மகன் கொள்ளி வைக்கட்டும்னு ஊர்ல முடிவு பண்ணிட்டாங்க. எங்கப்பாவுக்குப் பொறந்தது நான், நான் வைக்கிறேன்னு சொன்னேன். பொம்பளை சுடுகாட்டுக்கு வர்றதான்னாங்க. வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். பாடை கிளம்பினதும் பின்னாலேயே நடந்தேன்.

வாய்க்கால் ஓரம் ஈரத்துணியோட என் இடது தோள்ல தண்ணிக்குடத்தை ஏத்தி விட்டாங்க. அப்பாவைச் சுத்த நான் வழக்கம்போல வலமாக் கிளம்பிட்டேன். யாரோ ஒரு பெரியவர் தோளைப் பிடிச்சு, இடமாப் போ தாயின்னு திருப்பி விட்டார். ஒவ்வொரு சுத்துக்கும் குடத்துல அரிவாளால ஓட்டை போட்டாங்க, தண்ணி முதுகுல வழிஞ்சுது. குடத்தைப் பின்னால விட்டேன். அப்பா பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டே கொள்ளியை வைக்கச் சொன்னாங்க. திரும்பிப் பாக்காமப் போன்னாங்க. போனேன்.

பெரியப்பா மகன் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், வீடியோ கால்ல வளவன் இருந்தான். நான் சுத்த ஆரம்பிச்சதும் கால் கட் ஆயிடுச்சு. சாயங்காலம் வளவன் கூப்பிட்டு, நெட் போயிடுச்சுக்கான்னான். நெட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, அவன்தான் கட் பண்ணினான்னு பெரியப்பா மகன் என்கிட்ட சொல்லிட்டான். எனக்கு நெஞ்சு எரிஞ்சு போச்சு. வர முடியாதது வேற. பார்க்கக்கூட முடியலையா? நான் ஒருத்தி தோள்ல தூக்கலாம், உனக்குக் கண்ணால பார்க்க வலிக்குதா? அன்னிக்குக் கேட்டிருந்தா தீர்ந்திருக்கும். கேட்கல. அதுக்கப்புறம் அவன்கிட்ட அம்மாவோட மாத்திரையைத் தவிர வேற பேச்சு இல்ல. பல மாசம் கழிச்சு ஒரு நாள், ஒரு கேம் இருக்குக்கா, ஒரு ஆள் குறையுதுன்னான். சரின்னு சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியாது.

அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை ஆனா நாங்க பேசினோம். நிறையவே பேசினோம். பின்னால வா, விலகு, மருந்து குடி, இப்போ வெட்டு, இப்போ வேணாம். அக்கா தம்பி பேச்சு முழுக்க அதுதான். அம்மா கதவுகிட்ட வந்து நின்னு, தம்பி சாப்பிட்டானான்னு கேளுன்னு சொல்லிட்டுப் போவாங்க. சாப்பிட்டானாம்னு சொல்லிடுவேன். கேட்கவே மாட்டேன்.

இப்போ அவனுக்கு வேலை மாறுது. கடலுக்கு நடுவுல எண்ணெய் எடுக்கிற இடம், ஞாயித்துக்கிழமை கிளம்பணும். அங்கே வீட்டுக்குப் போன் பேசலாம், கேமெல்லாம் ஆட முடியாது. மலைக்காரனைச் சாய்க்க எங்களுக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். அவன் சாஞ்சாலும் சாயாட்டாலும் இதுக்கப்புறம் எனக்கும் என் தம்பிக்கும் நடுவுல மாத்திரைப் பேச்சுதான். அதனால சண்டைக்கு முன்னால தண்ணி ஓரமா நின்னு அந்தக் கோபுரத்தைப் பார்த்து ஒரு வேண்டுதல் போட்டேன். இன்னிக்கு நான் இடமா ஒரு சுத்து ஓடி முடிச்சா, ஏன்டா கட் பண்ணினேன்னு அவன்கிட்ட நேரா கேட்டுடறது. பதில் எப்படி வந்தாலும் வரட்டும்.

முதல் தடவை செத்தேன். அடுத்ததும் செத்தேன். சுக்கூர், அக்கா நீங்க என் பின்னாடியே ஓடி வாங்க, என் கேடயத்தை மட்டும் பாருங்கன்னான். அவன் கேடயத்தைப் பார்த்துக்கிட்டே வலப்பக்கம் ஓடிச் செத்தேன். வளவன் மெதுவா, முடியலைன்னா விட்டுடலாம்க்கா, பரவாயில்லன்னான். எனக்குக் கோவம் வந்துச்சு. என்னடா பரவாயில்ல, எனக்குப் பரவாயிருக்கு, திரும்ப ஆரம்பின்னேன்.

ஆரம்பிச்சோம். இந்தத் தடவை சண்டை தண்ணி மாதிரி ஓடிச்சு. ரெண்டு வெட்டு, ஒரு மூச்சு. சுக்கூர் மலைக்காரனை ஆத்துப் பக்கம் திருப்பி நிறுத்தினான், எனக்குக் குதிகால் கிடைச்சுது. தலைக்கு மேல வளவனோட அம்பு போற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. மணல்ல வெயில் இறங்கி மஞ்சளா ஆச்சு. எது ரூமோட வெயில், எது அந்தத் திட்டோட வெயில்னு எனக்குத் தெரியல.

தடி மணல்ல இறங்கிச்சு. இடது தோள் சில்லுன்னு ஆச்சு. வழக்கமா அந்த நிமிஷம் நான் உதறிக்கிட்டு ஓடுவேன். இன்னிக்கு உதறல. வா, வந்து ஏறிக்கோன்னு விட்டேன். குடம் வந்து தோள்ல உட்கார்ந்துச்சு. அதே கனம். முதுகுல தண்ணி வழிஞ்சுது. கட்டைவிரல் இடப்பக்கம் சாஞ்சுது. நான் மலைக்காரனைச் சுத்தினேனா, எங்கப்பாவைச் சுத்தினேனான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. நெருப்பு பின்னால வந்துச்சு, ஆனா என்னைத் தொடல. பனி விலகிக் கோபுரம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. கால் மிதிச்சது எல்லாம் ஈர மண். நான் அழுதுக்கிட்டே ஓடினேன், நல்லா இருந்துச்சு.

சுத்து முடியுற இடத்துல நெத்திக்கண் திறக்கிற சத்தம் வந்துச்சு. எனக்குப் பார்க்கணும் போல இருந்துச்சு. அன்னிக்குப் பார்க்காம வந்தது எல்லாத்தையும் சேர்த்து ஒரு தடவை பார்த்துட்டாத்தான் என்னன்னு விரல் தவிச்சுது. அப்போ வளவன் காதுக்குள்ள ரொம்ப மெதுவாச் சொன்னான்.

"திரும்பிப் பாக்காதக்கா. அப்படியே நில்லு."

நின்னேன். நெத்திக்கண் மூடிடுச்சு. அதுக்கப்புறம் கொஞ்ச நேரந்தான், மலைக்காரன் முழங்காலை மணல்ல போட்டான், அப்படியே சாஞ்சான். டோரதி ஓன்னு அழுதா. சுக்கூர் அல்ஹம்துலில்லான்னு சொல்லிக்கிட்டே கேடயத்தை எறிஞ்சுட்டு ஆத்துக்குள்ள குதிச்சான். மணல்ல எங்களுக்கான பரிசெல்லாம் மின்னிக்கிட்டுக் கிடந்துச்சு. நான் எடுக்கப் போகல. எனக்கு வேண்டுதல் பாக்கி இருந்துச்சு.

வளவா, அன்னிக்கு ஏன்டா கட் பண்ணினேன்னு கேட்டேன். குரல் எப்படி வந்துச்சோ தெரியல. சுக்கூரும் டோரதியும் சட்டுன்னு மைக்கை அணைச்சுட்டாங்க. அவங்க பேருக்குப் பக்கத்துல அந்தச் சின்ன சிவப்புக் கோடு வந்துச்சு. நல்ல பிள்ளைங்க.

வளவன் ரூம் ஏசியை அணைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், நெட் போகலக்கான்னான். தெரியும்டா, மேல சொல்லுன்னேன்.

"உன்னை ஒருத்தர் தோளைப் பிடிச்சு இடப்பக்கம் திருப்பி விட்டார்ல, அது வரைக்கும் பார்த்தேன். அப்புறம் ரெண்டு கையும் வேணும்க்கா. போனை வச்சுக்கிட்டுத் தூக்க முடியல."

எதைடா தூக்கினேன்னு அவனைக் கேட்டேன். சொன்னான். ரூம்ல குடிக்கிற தண்ணி கேன் ஒண்ணு நிரம்பி இருந்திருக்கு. கூட இருக்கிறவன் டூட்டிக்குப் போயிருந்தானாம். இவன் கேனைத் தோள்ல ஏத்திக்கிட்டு, நடுவுல இருந்த இரும்புக் கட்டிலை இடப்பக்கமாச் சுத்தியிருக்கான். ஓட்டை போட ஆள் இல்ல, மூடியைத் திறந்து விட்டுட்டானாம். முதுகெல்லாம் தண்ணி. சுத்தி முடிச்சதும் கேனைப் பின்னால விட்டுட்டு, திரும்பிப் பாக்காம நேரா வெளியே போய் ரோட்டுல நின்னுட்டானாம். திரும்பி வர்றப்போ கூட இருக்கிறவன் வந்து தரையைத் துடைச்சு வச்சிருந்தான், ஒரு வார்த்தை கேட்கலக்கான்னான். உன்கிட்ட, அம்மாகிட்ட சொன்னா இதெல்லாம் ஒரு காரியமான்னு நெனப்பீங்கன்னு சொல்லலையாம். இவனைப் போயா இத்தனை மாசம் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேன்.

அப்போ அவனோட வில்லுக்காரன் அந்தக் கோடியிலேருந்து நடந்து வந்தான். எப்பவும் தூரத்துல நிக்கிறவன், மணல்ல அடி வச்சு வந்து என் பக்கத்துல நின்னான். ரெண்டு பேரும் கோபுரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னோம்.

"இடது தோள்தானேக்கா? குடத்தை எந்தத் தோள்ல வச்சாங்கன்னு போன்ல சரியாத் தெரியல. நான் இடது தோள்ல வச்சேன்."

"இடதுதான்டா," அப்படின்னேன். "சரியாத்தான் செஞ்சிருக்க."

அவன் மூச்சு விட்டது ஹெட்போன்ல சத்தமாக் கேட்டுச்சு. ஒரு வருஷமாப் பிடிச்சு வச்சிருந்த மூச்சு அது. கதவுகிட்ட அம்மா மோர் டம்ளரோட நின்னுக்கிட்டு, என் மூஞ்சியைப் பார்த்துட்டு, தம்பி சாப்பிட்டானான்னு கேட்டாங்க. நான் மைக்கை வாய்கிட்ட இழுத்து, டேய், அம்மா கேட்கிறாங்க, சாப்பிட்டியாடான்னேன். இல்லக்கான்னான். போய்ச் சாப்பிட்டுட்டு வா, நான் இங்கேயே நிக்கிறேன்னு சொன்னேன்.